செம்போத்தின் கண் சிவந்த சித்திரை

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது செம்போத்து கண்ணில் பட்டால் போகிற காரியம் கைகூடும் என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையில் ஒரு பெரும்பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரியும் எழுதுவதற்கில்லை. செம்போத்தைப் பார்ப்பது நமக்கு நல்ல சகுனமாக இருக்கலாம். ஆனால் நம்மைப் பார்ப்பது செம்போத்துக்கு எப்படிப்பட்ட சகுனம் என்று இதுவரை ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. விசாரித்திருந்தால் அந்தப் பேச்சை அன்றே விட்டிருப்பார்கள்.

இரண்டாவது பிழை அதன் கண்ணைப் பற்றியது. கோவைப்பழம் தின்று தின்றுதான் செம்போத்தின் கண் அப்படிச் சிவந்தது என்பார்கள். கோவைப்பழத்தைக் கிளியும்தான் தின்கிறது. அதற்குச் சிவந்தது மூக்கு. தூக்கம் கெட்டதால் சிவந்தது என்பார்கள் வேறு சிலர். பொழுது சாய்ந்ததும் புதருக்குள் போய் அடங்கிவிடுகிற பறவைக்குத் தூக்கம் ஏன் கெடுகிறது? அந்தக் கண் சிவந்தது கோபத்தால். யார்மேல் கோபம், எதற்காகக் கோபம் என்பதை முறையாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசி ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொண்டு வாழ்ந்தபோது, ஈஞ்சமலை என்று ஒரு மலை இருந்தது. அதன் முதுகெல்லாம் இடுப்பளவு புல், இடையிடையே நெல்லி மரங்களும் ஈஞ்சு என்கிற குட்டை ஈச்சையும். கிழக்கு ஓரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் அடர்ந்த தாழம்புதர். அந்தப் புதரில் ஒரு செம்போத்து குடியிருந்தாள். இன்றைய கறுப்பும் செம்பழுப்பும் அப்போது அவளுக்குக் கிடையாது. உமியின் நிறமாக இருப்பாள். கண் ஓடைத் தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். பெயர்கூட வெறும் போத்துதான். முன்னால் இருக்கும் சிவப்பு பிறகு ஒட்டிக்கொண்டது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே முதலிலிருந்தே செம்போத்து என்று சொல்லி வருகிறோம்.

மலைமேல், மேற்கு ஓரத்தில், பத்துப் பன்னிரண்டு குடிசைகள். அவற்றில் ஒன்றில் நஞ்சி என்ற பெண் இருந்தாள். மலைக்குத் தீ வைப்பது அவள் வேலை. இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் தயவுசெய்து சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தக் கதையில் முகம் சுளித்தே எல்லாவற்றையும் கெடுத்த ஒருவர் பின்னால் வருகிறார். நஞ்சி தீ வைப்பது தை மாதத்தில். அப்போது புல்லின் தலை காய்ந்திருக்கும், அடி ஈரமாக இருக்கும். காலையில் பனி உலர்ந்த பிறகு சருகில் தீ வைத்தால் அது முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. வயசானவர் நடக்கிற மாதிரி மெல்ல ஊர்ந்து போகும். மாலையில் பனி இறங்கியதும் தானே அணைந்துவிடும். உண்ணியும் பூச்சியும் சாகும். நெல்லி மரத்தைப் பிடித்து உறிஞ்சுகிற புல்லுருவி வாடும். மாசியில் மானுக்கு இளம்புல் முளைக்கும்.

இந்த வேலையில் செம்போத்து நஞ்சிக்குக் கூட்டாளி. தீக்கு முன்னால் நடந்து போவாள். காலைச் சருகுக்குள் விட்டுப் பார்த்து, "இங்க ரெண்டு விரல் ஈரம் இருக்குக்கா, வைக்கலாம்" என்பாள். "இங்க வேண்டாம், முயல் குட்டி போட்டிருக்கா" என்பாள். பிறகு "ஊப், ஊப், ஊப்" என்று குரல் கொடுப்பாள். அதைக் கேட்டதும் புல்லுக்குள் இருப்பவர்களெல்லாம் எழுந்து ஒதுங்கிக்கொள்வார்கள். தீக்குப் பயந்து குதித்து ஓடுகிற வெட்டுக்கிளிகள் அவளுக்குச் சாப்பாடு. எத்தனையோ தலைமுறையாக இப்படித்தான் நடந்துவந்தது. மலை எரிந்து கருகியதாக ஒரு கதைகூட அந்த ஊரில் இல்லை.

இரண்டு நாள் நடைத் தொலைவில், சமவெளியில், அரண்மனை இருந்தது. ஒருநாள் அங்கே குதிரை லாயத்து ஆள் ஒருவன் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கு சுட்டான். போர் எரிந்தது. குதிரைகள் பிழைத்துக்கொண்டன, கிழங்கும் நன்றாக வெந்தது என்று கேள்வி. இதைப் பற்றி அரண்மனை ஏழு நாள் ஆலோசித்தது. அப்படி ஆலோசித்து வைக்கோல் போரைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. லாயத்து ஆளை வேறு இடத்தில் கிழங்கு சுடச் சொல்லவில்லை. நாடு முழுக்க, திறந்தவெளியில் யாரும் எப்போதும் தீ மூட்டக்கூடாது என்று ஆணை போட்டது.

முரசடிப்பவன் மூச்சு வாங்க மலையேறி வந்து ஆணையை வாசித்தான்.

"மலைக்கும் சேத்தாங்க?" என்றாள் நஞ்சி.

"வானத்துக்குக் கீழ இருக்கிற எல்லா இடத்துக்கும்."

"அப்ப இடி விழுந்தா?" என்றாள் செம்போத்து.

முரசடிப்பவன் ஓலையைத் திருப்பிப் பார்த்தான். "அதைப் பத்தி ஒண்ணும் போடலை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "எவனோ கிழங்கு சுட்டான், எவ வாயையோ கட்டுறாங்க. கொழுந்தியா, நீ இனிமே வெட்டுக்கிளிக்கு ஓலை எழுதிப் போடு, வந்து விழும்" என்றது.

"நீ வாயை மூடிட்டுக் காய், மச்சான். உனக்கென்ன, கல்லுக்கடியில வீடு."

முதல் வருடம் நஞ்சி தீ வைக்கவில்லை. சருகு கணுக்கால் வரை சேர்ந்தது. அரண்மனையில் மலைத்தீ ஒன்றும் இல்லை என்று எழுதி மகிழ்ந்தார்கள். இரண்டாம் வருடம் சருகு முட்டிக்கு வந்தது. அதன்மேல் பழைய புல் சாய்ந்து காய, அதற்கும்மேல் புதுப்புல் வளர்ந்தது. அரண்மனையில் மறுபடியும் மகிழ்ந்தார்கள். மூன்றாம் வருடம் கார்த்திகையில் செம்போத்து புல்லுக்குள் இறங்கினால் தலைகூட வெளியே தெரியவில்லை.

"அக்கா, கால் தரையிலேயே படமாட்டேங்குது. எல்லாம் விறகு. விறகு மேலதான் நடக்கிறேன். ஒரு பொறி விழுந்தா போதும்" என்றாள்.

"தெரியுதடி. வா, போய்க் கேட்போம்."

அடிவாரத்தில் தீத்தடுப்பு அதிகாரி ஒருவரை அரண்மனை அமர்த்தியிருந்தது. பெயர் சோணாசலம். தீ என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பதால் அந்த வேலைக்குத் தகுதியானவர் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். தீயை அவர் பார்த்ததெல்லாம் விளக்கிலும் தீபாராதனையிலும்தான். இருவர் சொன்னதையும் முழுக்கக் கேட்டார். கேட்கத் தெரியாதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வது நியாயமில்லை. கேட்டது எதுவும் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

"விதிவிலக்கு உண்டு" என்றார். "முன்கூட்டி விண்ணப்பித்தால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தீ ஒன்று மூட்ட அரண்மனை அனுமதிக்கும். தீயின் நீளம் எத்தனை முழம்?"

நஞ்சி செம்போத்தைப் பார்த்தாள். "வச்ச பிறகு அதுகிட்டத்தான் கேட்டுச் சொல்லணுங்க."

"அகலம்?"

"அது காத்தைப் பொறுத்துங்க" என்றாள் செம்போத்து.

"ஏம்மா, அந்தப் பறவையைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்." அவராகவே நீளத்துக்கும் அகலத்துக்கும் நல்லதாக ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டார்.

"தை பிறக்கிறதுக்குள்ள வேணும் சாமி. பனி இருக்கிறப்ப வச்சாத்தான் உண்டு."

"ஆணை வரவேண்டிய நேரத்தில் வரும்."

"அது பனிக்குத் தெரியுமாங்க?"

சோணாசலம் முகம் சுளித்தார்.

விண்ணப்பம் அரண்மனைக்குப் போனது. அங்கே அதற்கு ஏழு முத்திரை விழ வேண்டும். மூன்றாம் முத்திரை வைத்திருந்தவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஐந்தாம் முத்திரைக்காரர், மலை என்றால் எந்த மலை என்று எழுதிக் கேட்டார். தை வந்தது, பனி பெய்தது, நஞ்சி தினமும் பாறைமேல் நின்று அடிவாரத்துப் பாதையைப் பார்த்தாள். மாசி போனது. பங்குனியில் ஓடை வற்றி ஆங்காங்கே குட்டையாயிற்று. செம்போத்து தாழம்புதருக்குள் ஓலையும் புல்லும் வைத்துப் பந்துபோலக் கூடு கட்டி மூன்று முட்டை இட்டாள். சுண்ணாம்பு நிறத்தில் மூன்று முட்டை.

ஆணை சித்திரையில் வந்தது.

சித்திரை பன்னிரண்டாம் நாள் உச்சிவேளையில் சோணாசலம் நான்கு காவலரோடும் ஒரு குடம் தண்ணீரோடும் மலையேறினார். தீ மூட்டும் இடத்தில் நீர் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு நீர் என்று விதியில் இல்லாததால் ஒரு குடம். ஒரு காவலன் கையில் பந்தம். மேற்கிலிருந்து மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. புல் தொட்டால் ஒடிந்தது.

"உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்றார் மகிழ்ச்சியோடு. "தீ வைக்கலாம்."

நஞ்சி முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "சாமி, நாங்க கேட்டது தைக்கு."

"அனுமதி சித்திரை பன்னிரண்டு, உச்சிவேளைக்கு. இன்று தவறினால் ஆணை செல்லாது. ஏழு முத்திரை வீண். நான் பதில் சொல்ல வேண்டும்."

"இன்னிக்கு வச்சா மலை போயிரும். மூணு வருசத்துச் சருகு கிடக்கு. மேல்காத்து அடிக்குது. நேரா ஓடைக்குத்தான் போகும்."

செம்போத்து ஓடி வந்து அவர் காலடியில் நின்றாள். "ஐயா, ஓடைக்கு அந்தாண்ட என் கூடு இருக்குங்க. மூணு முட்டை. இன்னும் நாலஞ்சு நாள்ல பொரிஞ்சிரும். தூக்கிட்டுப் போக முடியாதுங்க. மழை வரட்டும், அடுத்த தை வரட்டும். அப்ப நானே முன்னால நடந்து காட்டுறேன்."

"தீ வேண்டுமென்று கேட்டவர்களே நீங்கள்தான்" என்றார் சோணாசலம்.

இதற்கு என்ன பதில் சொல்வது? தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவளை ஐந்து மாதம் கழித்து வந்து கிணற்றில் தள்ளிவிட்டு, கேட்டது நீதானே என்கிறவனிடம் பேச எந்த மொழியிலும் வார்த்தை இல்லை. நஞ்சி, "நான் வைக்கமாட்டேன்" என்று மட்டும் சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சோணாசலம் ஓலையை மறுபடி படித்தார். தீ வைக்க வேண்டியது யார் என்று அதில் இல்லை. காவலன் கையிலிருந்து பந்தத்தை வாங்கி, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தாமே புல்லில் வைத்தார்.

கெட்டவர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் பயந்து பயந்து, சின்னதாக வைத்திருப்பான். இவர் கடமையென்று நன்றாக, அழுத்தி வைத்தார்.

தீ ஊரவில்லை. நின்ற இடத்திலேயே பனைமர உயரம் எழுந்தது. காவலர்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சோணாசலம் பந்தத்தைப் போட்டுவிட்டு ஓடினார்; ஆணை ஓலையைப் போடவில்லை. செம்போத்து "ஊப், ஊப்" என்று கத்தினாள். மூன்று வருடமாக அந்தக் குரலைக் கேட்காத குட்டிகளுக்கு அது எதற்கென்று தெரியவில்லை. பாதிப் பேர் அசையவே இல்லை. உடும்பு வழியில் அகப்பட்ட இரண்டு முயலையும் ஒரு கௌதாரியையும் தன் வளைக்குள் தள்ளிவிட்டு, வாசலைத் தன் முதுகாலேயே அடைத்துக்கொண்டது.

நஞ்சி கீழே கிடந்த பந்தத்தை எடுத்தாள். "ஓடைக்கு வாடி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஓடையின் இந்தக் கரையில், பெரிய தீ வருகிற வழியில் தாங்களாகவே முந்தி எரித்துவிட்டால் அது வந்து தின்ன ஒன்றும் இருக்காது. ஆனால் முன்னாலேயே வைத்தால் மேல்காற்று அதையும் தாழம்புதருக்குத்தான் தள்ளும். பெரிய தீ நெருங்கி வந்து, தன் பக்கமாகக் காற்றை உறிஞ்சுகிற ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் வைக்க வேண்டும்.

"இப்ப வைக்கலாமாக்கா?" என்றாள் செம்போத்து.

"இல்ல. காலடிப் புல்லைப் பாரு. தீ வர்ற பக்கம் சாயணும்."

"அக்கா, சுடுது!"

"சுடட்டும். பாரு."

புல் தாழம்புதரை நோக்கியே சாய்ந்திருந்தது. பிறகு நடுங்கியது. பிறகு தீயைப் பார்க்கத் திரும்பியது.

"இப்ப!" நஞ்சி ஒரு முனையில் பந்தத்தை இழுத்துக்கொண்டு ஓடினாள். கரை நீளம், ஒருத்தியால் முடியாது. செம்போத்து எரிகிற ஈஞ்சு மட்டை ஒன்றைக் காலில் பற்றிக்கொண்டாள். அவள் ஒன்றும் பெரிய பறப்புக்காரி அல்ல. பாதி ஓட்டமும் பாதி குதிப்புமாக மறுமுனை வரை இழுத்துப் போனாள். மட்டை தீர்ந்ததும் திரும்பி வந்து இன்னொன்று. அதுவும் தீர்ந்ததும் இன்னொன்று. மூன்றாவது நடையில் இரண்டு சிறகும் தீய்ந்து செம்பழுப்பாயின. உடம்பு முழுக்கப் புகைக்கரி ஏறியது. இறுகப் பற்றிய பின்விரல் நகம் நீண்டு நிமிர்ந்து, பிறகு வளையவே இல்லை. இந்த மூன்றையும் இன்றைக்கும் நேரில் சரிபார்க்கலாம்.

சின்னத் தீ பெரிய தீயை நோக்கிப் போனது. இரண்டும் மோதி ஒருமுறை வானம் வரை எழுந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தன.

தாழம்புதர் நின்றது. கூடும் நின்றது. ஆனால் அனல் ஓடையைத் தாண்டி வந்திருந்தது. மூன்று முட்டையில் இரண்டு நான்கு நாள் கழித்துப் பொரிந்தன. மேற்கு ஓரமாக இருந்த மூன்றாவது வெந்துபோயிருந்தது.

பாறைக்கும் ஓடைக்கும் இடையே ஒரு நெல்லி மரம் மிச்சமில்லை. மான்கள் குட்டிகளைத் தேடிக்கொண்டு கரிமேல் நடந்தன.

ஐந்தாம் நாள் சோணாசலம் விசாரணைக்கு வந்தார். கரியில் மிதிக்காமல் பாறைமேல் நின்றபடி எல்லோரையும் கேட்டார். பாறையிலேயே உட்கார்ந்து எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார்:

"மலையில் இரண்டு தீ மூட்டப்பட்டது தெரியவருகிறது. முதல் தீ முறையான அனுமதி பெற்றது. அனுமதி பெற்ற தீ கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே அதனால் சேதம் இல்லை. ஓடைக்கரையில் மூட்டிய இரண்டாம் தீ அனுமதி பெறாதது. ஆகவே மலைக்கு நேர்ந்த சேதம் முழுவதும் அதனுடையது. அதை மூட்டியவர்கள் நஞ்சி என்ற பெண்ணும், பெயர் கேட்டறியப்படாத ஒரு பறவையும்."

உடும்பு முதுகெல்லாம் வெந்த தோலோடு பாறையோரம் கிடந்தது. "அடேயப்பா" என்றது.

நஞ்சி தரையில் துப்பினாள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தீ நடந்த அன்றே செம்போத்தின் கண் புகையால் சிவந்திருந்தது. ஆனால் புகையால் சிவந்த கண் தண்ணீர் பட்டால் தெளியும். குட்டையில் கழுவினாள், மூன்றாம் நாளே தெளிந்தும்விட்டது. அறிக்கையைக் கேட்கக் கேட்கத்தான் அது மறுபடி சிவந்தது. முதலில் ஓரம். பிறகு முழுக்க. அதற்குப்பின் எத்தனை தண்ணீர் பட்டும் போகவில்லை.

அவள் பாறைக்குக் கீழே வந்து நின்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் முட்டை ஒண்ணு வெந்துபோச்சு. அதை எந்தத் தீயில எழுதியிருக்கீங்க?"

சோணாசலம் ஓலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நிஜமாகவே தேடினார். "முட்டை பற்றிக் குறிப்பு இல்லை" என்றார். "வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்கலாம்."

செம்போத்து அவரைப் பார்த்தாள். அவரைக் கொத்தியிருக்கலாம், அவளுக்கு எட்டுகிற தூரத்தில்தான் அவர் பாதம் இருந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு, ஓடாமல், பறக்காமல், ஒவ்வோர் அடியாக நடந்து தாழம்புதருக்குள் போனாள்.

தடை நீங்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் அரண்மனையின் விண்ணப்ப ஓலையில் ஒரு கேள்வி கூடியது: "விண்ணப்பதாரருக்குச் சிறகு உண்டா?" நஞ்சி அதற்குப் பதில் எழுதவில்லை. தை பிறந்தது, பனி விழுந்தது, காலை வெயிலில் சருகின் தலை உலர்ந்ததும் யாரையும் கேட்காமல் தீ வைத்தாள். முன்னால் ஒரு கறுத்த பறவை காலை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டே நடந்தது.

அந்த அறிக்கையைக் கேட்ட அன்று முதல்தான் செம்போத்து, எதிரே மனிதர் வந்தால் மற்றப் பறவைகளைப்போலப் பதறிப் பறப்பதில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டி, நடந்தே புதருக்குள் போய்விடுகிறது.